களிமண் சொன்ன சாட்சி



இத்தாலியில் குப்பியோ என்னும் மலையூர் உண்டு. அதை ஒட்டிய பள்ளத்தாக்கில், ஒருகாலத்தில் ஆழ்கடலின் தரையாக இருந்த சுண்ணாம்புப் பாறைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கீழ் அடுக்குகளில் நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகள் பல இனங்களாக, மணல்போல் நிறைந்திருக்கின்றன. மேல் அடுக்கிலோ மிகச் சிறிய சில இனங்களே எஞ்சுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு களிமண் படலம். டைனோசார்களின் காலம் முடிந்த எல்லைக்கோடும் அதுவே. அதன் வயது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள்.

1970களில் நிலவியலாளர் வால்டர் அல்வாரெஸ் எழுப்பிய வினா எளியது: இக்களிமண் படிய எத்தனை ஆண்டுகள் ஆயின? 1968-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவரான அவர் தந்தை லூயி அல்வாரெஸ் ஒரு வழி கூறினார். இரிடியம் என்னும் உலோகம் புவியின் மேலோட்டில் மிக அரிது. விண்ணிலிருந்து ஓயாமல் சொரியும் நுண்துகளில் அது உண்டு. துகள் ஒரே சீராக விழுவதாகக் கொண்டால், களிமண்ணில் உள்ள இரிடியமே நாழிகை வட்டில் ஆகிவிடும். ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிச்செல் இருவரும் பெர்க்லியில் அளந்தனர். சுற்றுப் பாறையைப் போல் 30 மடங்கு! டென்மார்க்கின் கடலோரக் குன்றில் அதே படலத்தில் 160 மடங்கு. எந்த வட்டிலும் இக்கணக்கைத் தாங்காது. காலத்தை அளக்கப் போனவர்கள் கைக்கு ஒரு பேரழிவு அகப்பட்டது.

அருகில் ஏதேனும் விண்மீன் வெடித்திருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது. அவ்வாறாயின் புளூட்டோனியம் 244 உடனிருந்தாக வேண்டும், அது இல்லை. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று மோதியது என்று நால்வரும் 1980-இல் எழுதினர். தொல்லுயிரியலார் பலர் ஏற்கவில்லை. கல் விழுந்த பள்ளம் எங்கே என்று கேட்டனர். நியாயமான கேள்விதான்.

பள்ளம் முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருந்தது என்பதே வேடிக்கை. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனத்துக்காக யூகடான் கரையோரம் ஆய்ந்த க்ளென் பென்ஃபீல்ட், 1978-இல் காந்தப்புல அளவீடுகளில் ஒரு மாபெரும் வளைவைக் கண்டார். 1981-இல் அவரும் அந்தோனியோ கமர்கோவும் அதை மாநாடொன்றில் அறிவித்தனர், செவிகொடுத்தவர் சிலரே. 1991-இல்தான் சிக்சுலூப் என்னும் ஊரின் பெயரால் அந்த 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம் உரிய இடத்தைப் பெற்றது. மூத்த அல்வாரெஸ் அதைக் காணவில்லை, 1988-இலேயே மறைந்துவிட்டார்.

சான்றுகளுள் மறுத்தற்கு அரியது அதிர்வுற்ற குவார்ட்ஸ் மணிகள். அம்மணிகளுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்கோடுகளை விண்கற் பள்ளங்களிலும் அணுகுண்டுச் சோதனை நிலங்களிலும்தான் காணலாம். 2016-இல் பள்ளத்தைத் துளைத்து எடுத்த பாறையில், அப்பகுதியில் மிகுதியாக இருக்கவேண்டிய ஜிப்சம் ஏறத்தாழ இல்லை. அது ஆவியாகி, கந்தகப் படலமாக வானை மூடிக் கதிரவனை மறைத்தது என்பர்.

தக்காண எரிமலைகளே காரணம் என்பாரும் உளர். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்த எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில்தான். எனினும் அக்குழம்பு மோதலுக்கு முன்பே தொடங்கிப் பின்னும் பல லட்சம் ஆண்டுகள் வழிந்தது. திடீரென நேர்ந்த அழிவுக்கு அதனை உடந்தை என்னலாம், முதற்குற்றவாளி என்னலாகாது.

டைனோசார்கள் அடியோடு அற்றன என்பதும் முழுவுண்மை அன்று. முற்றத்தில் கரையும் காகம் அக்குலத்தின் கிளையே.

அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில், பள்ளத்திலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில், அந்நாளிலேயே சேற்றில் புதைந்த மீன்கள் கிடைத்தன. மோதலில் உருகித் தெறித்த கண்ணாடி மணிகள் அவற்றின் செவுள்களில் சிக்கியிருந்தன. எலும்புகளின் வளர்ச்சி வரிகளை ஆய்ந்தோர் 2022-இல் பருவத்தையே கண்டுரைத்தனர். வட அரைக்கோளத்தில் அப்போது இளவேனில். தெற்கே இலையுதிர் காலம்.