யாருடைய இலவசம்?

(வள்ளூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்துக் கொள்கை பற்றி ஆய்வு செய்து வருகிறேன். இன்று 'இலவசம்' என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அரசு மருத்துவமனையில் நாம் வரிசையில் நின்று வாங்கும் மாத்திரையை இலவசம் என்கிறார்கள். 2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை 'ரேவடி கலாச்சாரம்' என்று பழித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வேறொரு இலவசம் பற்றித் தீர்ப்பு சொன்னது. அதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், ஜின்கோவிட் என்ற சத்து மருந்துக்காக மருத்துவர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புகளைத் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்டது. தொகை சுமார் 4.72 கோடி ரூபாய். மருத்துவர்கள் வாங்கத்தான் தடை, நாங்கள் கொடுக்கத் தடையில்லை என்று வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அன்பளிப்பின் செலவு கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றும் சொன்னது.

அந்த விலையைக் கொடுப்பது யார்? அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசித்து, இருமலோடு தனியார் கிளினிக்குக்குப் போய், ஒரு நாள் கூலியை மருந்துக் கடையில் வைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிதான். சீட்டில் எழுதியதை அவர் கேள்வி கேட்பதில்லை. படித்தவர் சொன்னால் எதிர்த்துக் கேட்காதே என்று பழக்கியது சாதிதானே!

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு மருந்து விற்பனைக்குச் சீரான நடத்தை விதிகளை அறிவித்தது. பரிசு, பணம், சுற்றுலா கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அது சட்டமல்ல. புகாரை விசாரிப்பது மருந்து நிறுவனச் சங்கங்களின் குழு. பாலுக்குப் பூனை காவல்! ஜெனரிக் பெயரில் மருந்து எழுதச் சொன்ன மருத்துவர்களுக்கான 2023 விதிகளோ, வெளியான ஆகஸ்ட் மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன.

நம்மிடம் இதைவிட வலுவான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் ஜெனரிக் பெயரில் டெண்டர் விட்டு, அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. பிராண்ட் பெயரை எழுதவைக்கும் பேரத்துக்கு அங்கே பெரிதாக இடமில்லை. ஏளனம் செய்யப்படும் அந்த இலவச மாத்திரைதான் இந்தக் கொள்ளைக்குத் தடுப்பு.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. நடத்தை விதிகளைத் தண்டனையுள்ள சட்டமாக்கு. எந்த நிறுவனம் எந்த மருத்துவருக்கு என்ன கொடுத்தது என்பதை, அமெரிக்காவில் 2010 சட்டப்படி செய்வதுபோல, பொதுவெளியில் வை. வேலை முடிந்து வருபவருக்கும் மருந்து கிடைக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையத்தை மாலையிலும் திற.

அரசு மாத்திரை நம் வரிப்பணம், நம் உரிமை. அதை வாங்க நாம் தலைகுனிய வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டிய இலவசம் வேறு இடத்தில் இருக்கிறது.