ஏளனம் அறியும் இயந்திரம்



ஆள்வோரை ஏளனஞ் செய்வது குடிகளின் பழைய உரிமை. அந்த ஏளனத்தை இனங்கண்டு சொல்ல ஓர் இயந்திரம் வேண்டுமென்று அரசாங்கமொன்று கேள்விப்பத்திரம் கோரியதை அறிவீர்களா? 2014 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவிலே அது நடந்தது. சனாதிபதியின் உயிரைக் காக்கும் கடமையுடைய இரகசியச் சேவை என்னும் அமைப்பு, டுவிட்டர் போன்ற சமூக ஊடகங்களில் மக்கள் எழுதுவனவற்றை உடனுக்குடன் ஆராயும் மென்பொருளொன்றைத் தேடியது. கேலிப் பேச்சைக் கண்டறிதலும் அதற்கு வேண்டிய ஆற்றல்களுள் ஒன்று. 2009 இல் வெளிவந்த பழைய உலாவியொன்றில் அது இயங்க வேண்டுமென்ற நிபந்தனையும் அதே பட்டியலில் இருந்தது. இதைக் கேலியென்று கொள்வதா, மெய்யென்று கொள்வதா?

நோக்கம் தீயதென்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டுப் பேச்சை மிரட்டலென்று கொண்டு ஒருவன் வாசலிலே பொலிசார் போய் நிற்காதிருக்க வேண்டுமானால், விளையாட்டை விளையாட்டென்று அறியத்தான் வேண்டும். இயந்திரத்தால் அது ஆகுமா?

மனிதர் தரம்பிரித்து வைத்த ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கொண்டு கணினி பழக்கப்படுகிறது. எச்சொல் எதனோடு சேர்ந்து வருகிறது, புகழ்ச்சொல்லுக்கருகே இகழ்ச்சியான செய்தி உண்டா என்று அது கணக்கிடுகிறது. பேசியவன் யார், எவர் முன்னிலையிற் பேசினான், நேற்று அவ்வூரில் என்ன நடந்தது என்பன வாக்கியத்துக்கு வெளியே கிடக்கின்றன. 2013 இல் பிரான்ஸ் நாட்டு நிறுவனமொன்று தன் மென்பொருள் நூற்றுக்கு 80 வரை சரியாகச் சொல்லுமென்று பெருமை பேசியது. எஞ்சிய 20 பேரின் கதி? பின்வந்த செயற்கை நுண்ணறிவு வெகுவாகத் தேறியுள்ளது. ஆயினும் அதன் கையிற் கிடைப்பதும் பெரும்பாலும் எழுத்தே. தொண்டைமானின் படைக்கலங்கள் புதுமெருகோடு பளபளப்பதையும், அதியமானுடையவை முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடப்பதையும் ஔவை ஒப்பிட்டுச் சொன்னாளே, அதைத் தொண்டைமானுக்குச் சூட்டிய புகழ்மாலை என்றே இயந்திரம் பதிந்திருக்கும்.

1966 ஆகஸ்டில், வாஷிங்டன் நகரத்துப் பொதுக்கூட்டமொன்றில், 18 வயது இளைஞனொருவன் கட்டாய இராணுவ சேவையை எதிர்த்துப் பேசினான். தன் கையில் துப்பாக்கியைத் திணித்தால் முதற் குறி சனாதிபதி ஜோன்சனே என்றான். சனாதிபதியை மிரட்டுதல் குற்றமெனும் 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டான். 1969 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அரசியற் கூட்டத்திற் பேசியதையும், நிபந்தனையோடு பேசியதையும் நீதியரசர்கள் நோக்கினர். கேட்டவர்கள் சிரித்தார்கள் என்பதையும் நோக்கினர். அச்சிரிப்பு எந்த வாக்கியத்தில் இருக்கிறது?

இங்கிலாந்தின் கதை இதனினும் கசப்பானது. 2010 ஜனவரியில் பனியால் மூடப்பட்ட விமான நிலையத்தைத் தகர்த்துவிடுவேனென்று டுவிட்டரிற் சலித்துக்கொண்ட இளைஞன் குற்றவாளியாகி, வேலையையும் இழந்தான். விமான நிலையத்தாரே அதை நம்பத்தக்க மிரட்டலாகக் கொள்ளவில்லை. ஆயினும் பொலிசாருக்கு அனுப்பிவைத்தனர். சந்தேகக் குறி விழுந்த தாளை மூடிவைக்க எந்த அதிகாரிக்கும் துணிவு வருவதில்லை. 2012 ஜூலையில் மேல் நீதிமன்றம் விடுவிக்கும் வரை அலைந்தவன் எழுதியவனே.

இது கடல்கடந்த கதை மாத்திரமன்று. 2024 ஜனவரியில், 62 வாக்குகளுக்கெதிராக 108 வாக்குகளால் இங்கே நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்க்கூற்று எதுவென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவரடங்கிய ஆணைக்குழுவுக்கு அளித்தது. வஞ்சப்புகழ்ச்சி யாவும் எழுத்தளவிற் பொய்க்கூற்றே! 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து வயல் வாடி நின்றபோது, எங்கள் அரசாங்கம் கமக்காரரின் கற்பகதரு என்று ஒருவர் எழுதியிருந்தால் அது பொய்யா, மெய்யா?

இச்சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போது நாம் வற்புறுத்த வேண்டியது இது: இயந்திரம் இட்ட குறியை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு எவரையும் அழைக்கவோ கைது செய்யவோ கூடாது. தமிழில் எழுதியதைத் தமிழறிந்தவர் படிக்க வேண்டும். எழுதிய சந்தர்ப்பத்தை எழுதியவர் வாயாற் கேட்டபின்னரே முடிவு செய்ய வேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இதை எழுத்திற் கேளுங்கள். விடையையும் எழுத்திலேயே பெறுங்கள்.