எப்போ வருவார்னு தெரியாத ஒருத்தருக்காகக் காத்திருந்த டீம்

இன்னைக்கு நாம பேசப்போறது அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட் மாட்டிக்கிட்டு மோதிக்குவாங்களே, அந்த ஆட்டம். ரூல்ஸ் தெரியலன்னாலும் பரவாயில்ல. குவாட்டர்பேக்னு ஒருத்தர் இருப்பார், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. டீம் அட்டாக் பண்ணும்போது பந்து அநேகமா ஒவ்வொரு தடவையும் முதல்ல அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறியணும், யார்கிட்ட கொடுக்கணும்னு ரெண்டு மூணு நொடிக்குள்ள அவர் முடிவு பண்ணணும். கிரிக்கெட்ல ஓப்பனருக்கு அடிபட்டா மூணாவது ஆளை மேல அனுப்பிச் சமாளிக்கலாம். இங்க அது நடக்காது.

இப்போ 2011-க்குப் போவோம். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் டீமோட குவாட்டர்பேக் பேட்டன் மேனிங். 1998-ல டீமுக்கு வந்ததுல இருந்து ஒரு லீக் மேட்ச் கூட அவர் மிஸ் பண்ணினதில்ல. தொடர்ந்து 208 மேட்ச்! எதிர் டீம் எப்படி நிக்குதுன்னு பார்த்து, களத்துலயே பிளேயை மாத்துற ஆள். மொத்த டீமும் அவர் மூளையைச் சுத்திக் கட்டினது. அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. பிராக்டிஸ்லயும் மெயின் டீமோட ஆடுறது பெரும்பாலும் அவரேதான், அதனால பேக்கப் ஆளுக்குக் கத்துக்க இடமே கிடைக்கல.

அந்த வருஷம் மே மாசம் மேனிங்குக்குக் கழுத்துல ஆபரேஷன். எலும்பு முறிஞ்சிருந்தா டாக்டர் ஒரு கணக்கு சொல்லிடலாம், ஆறு வாரம், எட்டு வாரம்னு. இவருக்கு நரம்புப் பிரச்சினை. எறியிற கையில பலம் குறைஞ்சுபோச்சு. நரம்பு திரும்ப வளர்றது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எவ்வளவு பலம் திரும்பும்னும் யாராலயும் உறுதியா சொல்ல முடியாது.

போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து லீக்ல லாக்அவுட். முதலாளிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் சம்பளத் தகராறு. மார்ச்ல இருந்து ஜூலை 25 வரைக்கும் மேனிங் டீமோட ட்ரெய்னர்களைப் பார்க்கவே கூடாது. டீமும் புது ஆளை எடுக்க முடியாது. சரி, அதுவரைக்கும் டீமைக் குத்தம் சொல்ல முடியாது.

அதுக்கப்புறம் வந்த ஒரு மாசம்தான் எனக்கு உறுத்துது. ஜூலை 30-ம் தேதி மேனிங்குக்கு 5 வருஷம், 90 மில்லியன் டாலர்னு புது கான்ட்ராக்ட். ஆனா பேக்கப் இடத்துல அதே கர்டிஸ் பெய்ன்டர். ஏன்? 2008-லயும் இதே மாதிரி ஆச்சு. முழங்கால் ஆபரேஷன், ப்ரீசீசன் முழுக்க ஆடல. ஆனா முதல் மேட்சுக்கு வந்து நின்னார், அந்த சீசனோட எம்.வி.பி.யும் அவரேதான். அப்படி ஒரு ஆளைப் பார்த்துப் பழகினவங்களுக்கு 'வந்துடுவார்'ங்கிறதே பிளான் ஆயிடும்.

ஆகஸ்ட் கடைசி வாரம்தான் பயம் வந்துச்சு. ஓய்வை அறிவிச்சுட்டு வீட்ல இருந்த 38 வயசு கெர்ரி காலின்ஸைக் கூட்டிட்டு வந்தாங்க. மேனிங்குக்காகவே பல வருஷமா செதுக்கின பிளேபுக்கை அவர் மூணு வாரத்துக்குள்ள கத்துக்கணும். செப்டம்பர் 8, மேனிங்குக்கு மறுபடியும் கழுத்துல ஆபரேஷன். மூணே நாள் கழிச்சு முதல் மேட்ச், ஹூஸ்டன்கிட்ட 34-7 தோல்வி. காலின்ஸ் மூணு மேட்சோட தலையில அடிபட்டு வெளிய போனார். அப்புறம் பெய்ன்டர், அவருக்கும் அப்புறம் டான் ஓர்லாவ்ஸ்கி. நியூ ஆர்லியன்ஸ்ல 62-7னு உதை. முதல் 13 மேட்சும் தோல்வி, கடைசியில 2-14.

அப்பவும் டீம் மேனிங்கை இன்ஜர்ட் ரிசர்வ் லிஸ்ட்ல போடல. அன்னைக்கு இருந்த ரூல்படி அதுல போட்டா சீசன் முடிஞ்சது. 53 பேர்ல ஒரு இடத்தை, ஆடாத ஒருத்தருக்காக சீசன் முழுக்க வச்சிருந்தாங்க. முட்டாள்தனமா, விசுவாசமா? ரெண்டும்தான்னு தோணுது.

2017-ல பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு நடந்ததைப் பாருங்க. டிசம்பர்ல கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சது. சீசன் காலின்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. அந்த வருஷத் தொடக்கத்துலயே எடுத்து வச்சிருந்த நிக் ஃபோல்ஸ் உள்ள வந்தார், சூப்பர் பவுலே ஜெயிச்சாங்க. தெளிவான கெட்ட செய்தி கிடைச்சா ஒரு டீம் அதுக்கேத்த மாதிரி மாறிக்கும். 'ஒருவேளை டிசம்பர்ல வரலாம்'ங்கிறதை வச்சு யாரும் பிளே எழுத முடியாது.

கோல்ட்ஸ் கதைக்கு வர்றேன். கடைசி இடம் பிடிச்சதால 2012 டிராஃப்ட்ல முதல் சாய்ஸ் அவங்களுக்கு. ஆண்ட்ரூ லக் ரெடியா இருந்தார். மார்ச் 8-க்குள்ள மேனிங்குக்கு 28 மில்லியன் டாலர் போனஸ் கொடுக்கணும், இல்ல விட்டுடணும். முந்தின நாள் முதலாளி ஜிம் அர்சேயும் மேனிங்கும் பக்கத்துல பக்கத்துல நின்னு, கண்ணு கலங்க பிரிவை அறிவிச்சாங்க. மேனிங் டென்வருக்குப் போய் 2013-ல 55 டச்டவுன் எறிஞ்சு ரெக்கார்ட் போட்டார், அப்புறம் சூப்பர் பவுலும் ஜெயிச்சார். ஆனா மார்ச் 2012-ல அது யாருக்கும் தெரியாது. அந்த முடிவு சரிதான்னு நான் இன்னும் சொல்வேன்.

கூத்து என்னன்னா, 2017-ல அதே லக்குக்கு எறியிற தோள்ல ஆபரேஷன். எப்போ வருவார்னு தேதி கிடையாது. பேக்கப் ஸ்காட் டோல்சியனை நம்பி கேம்ப் முழுக்க ஓட்டிட்டு, சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஜாகோபி பிரிசெட்டை ட்ரேடு பண்ணி எடுத்தாங்க. முதல் மேட்ச் 46-9 தோல்வி. லக் அந்த சீசன்ல ஒரு பந்து கூட எறியல.