ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன்

காஞ்சிபுரத்தில் எந்தப் பள்ளி நல்லது என்று நம் குடியிருப்பில் பலரும் கேட்கிறீர்கள். அண்ணா படித்த பச்சையப்பன் பள்ளிக்கும் ஆண்டர்சன் பள்ளிக்கும் தனிப் பெருமை உண்டு. ஆனால் அவை அரசு உதவி பெறும் பள்ளிகள். அரசுப் பள்ளிகள் அல்ல. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். பிளஸ் டூவில் தெரிந்து பயனில்லை.

தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்றும் கேளுங்கள். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவோமா? பள்ளியும் அப்படித்தான்.