பந்து கொடுத்தவர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நாவலப்பிட்டியில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுக் கல்விப் பணியைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். எனக்குத் தரப்பட்ட நேரத்தில் நம்மில் பலர் ஆடிய வலைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் 2018ஆம் ஆண்டு ஆசியச் சம்பியன் போட்டியைப் பற்றி.

அந்த ஆண்டு செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த போட்டியில் இலங்கை ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இறுதி ஆட்டத்தில், சொந்த மண்ணில் ஆடிய சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றது. 2009க்குப் பிறகு, ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிண்ணம் மீண்டும் நம் நாட்டுக்கு வந்தது. மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு முகம் மறந்திருக்காது. யாழ்ப்பாணம் ஏவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்து அங்குல உயரம். தமிழ்ப் பெண் ஒருத்தி நாட்டின் சீருடையில் ஆசியாவை வென்றாள் என்று நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அது நியாயமான பெருமை.

ஆனால் இந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வலைப்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று வினாடிக்குள் அதைக் கைவிட்டே ஆகவேண்டும். மைதானம் மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஒரு முழுப் பகுதியைத் தாண்டிப் பந்தை எறிந்தால் அது தவறு. ஏழு பேரில் வளையத்தில் பந்து போட இரண்டு பேருக்குத்தான் அனுமதி. மார்பில் 'சீ' என்ற எழுத்தோடு ஓடும் நடுக்காரி மைதானம் முழுவதும் ஓடுவாள். கோல் வட்டத்துக்குள் மட்டும் கால் வைக்க மாட்டாள். ஆட்டம் முழுவதும் ஆடினாலும் அவள் பெயரில் ஒரு கோலும் எழுதப்படாது.

தர்ஜினி கையை உயர்த்தினால் பத்தடி உயர வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் கை. அப்போதைய விதிப்படி தடுப்பவள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டியிருந்தது. பந்து அவர் கைக்குப் போய்விட்டால் தடுக்க வழி மிகக் குறைவு. ஆகவே எதிரணிக்கு இருந்த நல்ல வழி, பந்து அவரிடம் போகாமல் பார்த்துக்கொள்வது. அந்த அழுத்தத்தைத் தாங்கி, இடம் பார்த்து, உயரம் பார்த்துப் பந்தைக் கொடுத்தவர்கள் மற்ற ஆறு பேர். அவர்களில் எத்தனை பெயர் நமக்கு நினைவிருக்கிறது?

அடுத்த இரண்டு போட்டிகளையும் சேர்த்துப் பாருங்கள். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவர் தர்ஜினிதான். ஆனால் இலங்கை 16 அணிகளில் 15ஆவது இடத்தில் வந்தது. 2022இல் மறுபடியும் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம்.  இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்றோம். 2019இல் கிடைத்த இடம் தர்ஜினியின் திறமையைக் குறைக்கவில்லை. ஒரு பெரிய ஆட்டக்காரி இருந்தும் அணி பின்தங்கலாம்.  நடுவில் ஓடுகிறவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது.

இந்த ஆட்டத்தில் நம் நாட்டுக்கு ஒரு பழைய உரிமையும் உண்டு. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி, உலகச் சம்மேளனத்தை அமைக்க 1960இல் பல நாட்டுப் பெண்கள் கூடிய இடம் இலங்கை. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்பேர்ன் நகரில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது அதில் ஆடிய 11 அணிகளில் இலங்கையும் ஒன்று.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மலைநாட்டில் பள்ளிக்கூடம் கட்டவே மலையை வெட்டித்தான் சமதரை எடுக்க வேண்டும். காற்பந்துக்கோ கிரிக்கெட்டுக்கோ போதிய நிலம் கிடைக்காத இடத்திலும், நூறடி நீளம் ஐம்பதடி அகலம் கிடைத்தால் வலைப்பந்து ஆடலாம். இரண்டு கம்பமும் ஒரு பந்தும் போதும். நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை.

அப்படியானால் தடை எங்கே? பயிற்சி தொடங்குவது பள்ளி விட்ட பிறகு. தொலஸ்பாகைப் பக்கமோ கொத்மலைப் பக்கமோ போகிற பிள்ளைக்கு பஸ் அப்போதுதான் இருக்கிறது. அதை விட்டால் இருட்டில் தோட்டத்துப் பாதையில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் நாவலப்பிட்டி மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் குடித்த தேத்தண்ணீரோடும் மதியம் சாப்பிட்ட ரொட்டியோடும் மாலை ஐந்து மணி வரை ஓடச் சொல்வது எப்படி? "வயசுக்கு வந்த பிள்ளை, பொழுதுபட்டு வரவேண்டாம்" என்று ஒரு தாய் சொன்னால், அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு பிள்ளையின் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எத்தனை நல்ல 'சீ'க்கள் அப்படி நின்றுபோயிருப்பார்கள்!

ஆகவே பழைய மாணவிகளிடம் என் வேண்டுகோள் இது. கிண்ணங்களும் பெயர் பொறித்த பலகைகளும் வரட்டும். அதற்கு முன், பயிற்சி நாட்களில் பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு வேன். பயிற்சிக்கு முன் கடலையோ கௌப்பியோ ஒரு கோப்பை. வழுக்காத சப்பாத்து. ஈரம் நிற்காத தரை. கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் பணம் அனுப்பலாம். ஊரில் இருக்கிறவர்கள் ஒரு மாலை வந்து கூட இருக்கலாம். ஒரு அக்கா மைதானத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தால் அந்தத் தாய் மறுப்பது குறையும். இவற்றுக்கு யாருடைய பெயரும் பொறிக்கப்படாது. நடுவில் ஓடியவர்களுக்கு அது பழக்கம்தான்.

தங்கைமாரே, அடுத்த பருவத்துக்கு அணி தெரிவாகும்போது எந்த எழுத்து கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை மாலை நானும் மைதானத்துக்கு வருகிறேன். அக்காமாரில் யார் யார் வருகிறீர்கள் என்று தேநீர் இடைவேளையில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.