கெலிஓயா வழியில் ஒரு தவறணை



கண்டியிலிருந்து பேராதனை தாண்டிக் கெலிஓயாவுக்குப் போகும் வழியில், பாதையோரமாக ஒரு பழைய கட்டிடம் இருக்கிறது. கருங்கல் அத்திவாரம், ஓட்டுக் கூரை, முகப்பிலே கம்பி அடித்த ஒரு சிறிய யன்னல். இன்று அது பலசரக்குக் கடை. என் அப்பாயி சாகும்வரை அந்தக் கடைப்படியை மிதித்ததில்லை. அங்கே அரிசி மலிவென்றாலும், இன்னும் அரை மைல் நடந்து அடுத்த கடைக்கே போவார். காரணம், ஒரு காலத்தில் அது சாராயத் தவறணை.

தவறணை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்ததுதான். ஆனால் மலைநாட்டில் தவறணைகள் பெருகியது 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் விழுந்த பின்னர். ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. கூடுதலாகக் கேட்டவர் குத்தகைக்காரர். குத்தகைப் பணம் முன்னரே தீர்மானமாகிவிடுவதால், எவ்வளவு கூட விற்கிறதோ அவ்வளவும் அவருக்கு இலாபம். ஆகவே சனம் கூடும் சந்தியிலும் தோட்டத்துப் பாதையிலும் தவறணைகள் முளைத்தன. களுத்துறை, பாணந்துறைப் பக்கத்துத் தென்னஞ்சாராயம் மாட்டுவண்டிகளில் கடுகண்ணாவைக் கணவாய் ஏறியது. பேராதனையில் 1833இல் கட்டிய முதிரை மரப்பாலத்தால் கோப்பி மூட்டைகள் கீழே இறங்கின. சாராயப் பீப்பாய்கள் மேலே வந்தன. 1867இல் புகைவண்டி வந்ததும் இரண்டுக்கும் பாதை இன்னும் இலகுவாயிற்று.

துரைமார் தவறணைக்கு வரவில்லை. அவர்களுக்குக் கண்டி வாவிக்கரையில் குயீன்ஸ் ஹோட்டல் இருந்தது. துல்லாவை அதிகாரியின் வளவு இருந்த இடம் அது; தேசாதிபதியும் அங்கே தங்கியதுண்டு. அதன் சரித்திரத்தைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கம்பி யன்னல் தவறணையின் சரித்திரத்தை அப்பாயிதான் எனக்குச் சொன்னார்.

பேராதனைப் பூங்காவில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலம் என்பார். மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் அங்கே வந்தது 1944இல். சம்பள நாளில் அப்பாயி இடுப்பில் பிள்ளையோடு பாதையின் மறுபக்கம் நிற்பாராம். தாத்தா யன்னலடிக்குப் போவதற்கு முன் கையை மறிக்க வேண்டும். சில மாதம் மறித்தார். சில மாதம் மறிக்க முடியவில்லை. அந்த மாதங்களில் லயத்தில் அடுப்பு எரிந்தது குறைவு.

தாத்தா குடிகாரர் என்று பள்ளிக்கூட நாட்களில் வெட்கப்பட்டவன் நான். பிற்காலத்தில் வாசித்தபோதுதான் வேறொரு கணக்கும் தெரிந்தது. மொறட்டுவை ஜெரோனிஸ் த சொய்சா கண்டிச் சாராயக் குத்தகையில் பெரும் பொருள் சேர்த்தவர். அவர் மகன் சார்ள்ஸ் ஹென்றி த சொய்சா 1876இல் மொறட்டுவையில் கல்லூரி நிறுவினார். பின்னர் கொழும்பில் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் வழி செய்தார். நல்ல காரியங்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தருமத்தில், அப்பாயிக்கு முந்திய தலைமுறைகளில் தவறணை வாசலில் காத்து நின்ற பெண்களின் காசும் உண்டல்லவா? அவர்கள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

1912இல் மதுவரிச் சட்டம் வந்து பழைய குத்தகை முறை ஒழிந்தது. மதுவிலக்கு இயக்கமும் வலுத்தது; 1915 கலவரத்தின்போது அதன் தலைவர்கள் பலர் சிறை சென்றனர். 1927இல் காந்தியடிகள் கண்டிக்கும் தோட்டப் பகுதிகளுக்கும் வந்து, குடியை விடுங்கள் என்று தொழிலாளரைக் கேட்டுக்கொண்டார். தாத்தா அவரைப் பார்த்ததாகச் சொல்லுவார். குடியை விட்டது அதற்கு இருபது வருடங்களுக்குப் பிறகு.

அண்மையில் அந்தக் கடைக்குப் போனேன். யன்னல் மரத்தின் விளிம்பு, கைகள் பட்டுப் பட்டுப் பள்ளமாகியிருந்தது. பாதையை அகலமாக்கினால் கட்டிடத்தை உடைப்போம் என்றார் முதலாளி. ஒரு இறாத்தல் சீனி வாங்கிக்கொண்டு, பாதையைக் கடந்து, அப்பாயி நின்ற பக்கத்தில் சற்று நேரம் நின்றேன்.