அடுப்பின் அளவு



இன்று உங்களிடம் பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் கரியடுப்பு. "எரிவாயு அடுப்பும் மின்னடுப்பும் வந்துவிட்ட காலத்தில் இந்தக் கிழவருக்கு வேறு பொருள் அகப்படவில்லையா?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல் அரைப்பதற்கும், சோளக்கதிர் வாட்டுவதற்கும், புலால் உண்ணும் வீடுகளில் மீனையும் இறைச்சியையும் தணலில் சுடுவதற்கும் இன்றும் பலர் சுட்டமண் கரியடுப்பை விரும்பி வாங்குகின்றனர். நம் குயவர் வனையும் குமுட்டியும் விற்கிறது. வெளிநாட்டு அமைப்பில் மூடியோடு வரும் முட்டை வடிவ அடுப்பும் விற்கிறது. வாங்கச் செல்வோர் கேட்கும் முதற் கேள்வி, "எந்த அளவு வாங்கலாம்?" என்பது. அவர்களே கூறிக்கொள்ளும் விடை, "பெரிதாகவே வாங்கிவிடுவோம், எதற்கும் உதவும்" என்பது.

இந்த விடை சரிதானா என்று ஆராய்வதே இன்றைய நம் வேலை.

முதலில் அடுப்பின் உறுப்புகளை அறிந்துகொள்வோம். குமுட்டியின் மேற்பகுதி, கரி இடும் கிண்ணம். அதன் அடியில் துளைகளோடு கூடிய தட்டு. தட்டின் கீழே சாம்பல் விழும் சிற்றறை. அதன் முன்புறத்து வாயே காற்று நுழையும் வழி. விளிம்பின்மேல் பாத்திரத்தைத் தாங்க மூன்று குமிழ்கள். ஏன் மூன்று? நான்கு வைத்தால் இன்னும் உறுதியாக நிற்காதா? வடிவக் கணிதம் படித்தவர்கள் விடை கூறலாம். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆதலால் குமிழ்களுள் ஒன்று சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பினும் பாத்திரம் சிறிது சாயுமேயன்றி ஆடாது. நான்காவது குமிழ் அந்தத் தளத்தைவிட்டு இம்மியளவு விலகினாலும் பாத்திரம் ஆடும். யூக்ளிடைக் கல்லாத குயவர் கை இதனை எத்தனையோ தலைமுறைகளாக அறிந்திருக்கிறது!

இனி அளவுக்கு வருவோம். சமையலில் அளவு எங்கே தொடங்குகிறது? நம் ஊர்க் கோயிலே இதற்கு நல்ல விடை தரும். திருவரங்கம் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், பெருமாளின் அமுதுபடிக்கு அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, கறியமுது இவ்வளவு என்று குறுணியும் நாழியும் உழக்குமாக அளவு குறித்து அறக்கட்டளை வைத்திருப்பதைக் காணலாம். அங்கே தளிகை புதிய மண்பாண்டத்தில் ஆகிறது. அரிசியின் அளவு பானையை முடிவு செய்யும். பானை அடுப்பை முடிவு செய்யும். இந்த வரிசை மாறலாகாது. அடுப்பை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் பானை தேடுவது, செருப்பை வாங்கிவிட்டு அதற்குக் கால் தேடுவது போன்றதாகும்.

என் இளமையில் திருவரங்கத்து உத்தர வீதியில் எங்கள் வீட்டில் இரண்டு குமுட்டிகள் இருந்தன. சிறியது பால் காய்ச்சவும் காப்பிக்கு வெந்நீர் வைக்கவும். சற்றுப் பெரியது சாதம் வடிக்க. வைகுண்ட ஏகாதசி நாட்களில் விருந்தினர் வந்து வீடு நிறைந்துவிடும். அப்போதும் என் பாட்டியார் மூன்றாவதாக ஒரு பெரிய அடுப்பு வேண்டுமென்று கேட்டதில்லை. இரண்டையும் ஒருசேர மூட்டிக்கொள்வார். போதாவிடில் அண்டை வீட்டிலிருந்து ஒன்று இரவலாக வரும். "பத்து நாள் கூட்டத்துக்கு வாங்கினால், மற்ற நாளெல்லாம் அது கரி தின்னும்" என்பது அவர் கணக்கு. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தவர் அல்லர். அந்தக் கணக்கை நாம் இப்போது எழுதிப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நல்ல கரி ஒரு கிராம் எரிந்தால் ஏறத்தாழ 7 கிலோ கலோரி தரும். ஆகவே 10 கிராம் கரி போதும் என்பது ஏட்டுக் கணக்கு. வெப்பம் முழுவதும் பாத்திரத்தைச் சேர்வதில்லை. ஒரு சாதாரணக் கரியடுப்பில் கால் பங்கு சேர்ந்தாலே நன்று. ஆதலால் 40 கிராம் என்று கொள்வோம். மீதி முக்கால் பங்கு எங்கே போயிற்று? சூடான புகைக்காற்றோடு ஒரு பகுதி. பாத்திரத்தின் பக்கவாட்டில் வெளியேறும் அனலாக ஒரு பகுதி. அடுப்பின் மண்சுவர் குடித்த பகுதி ஒன்று. பின் இரண்டும் அடுப்பின் அளவைப் பொறுத்தவை.

ஆறு அங்குல வாயுள்ள அடுப்பையும் ஒன்பது அங்குல வாயுள்ள அடுப்பையும் ஒப்பிடுங்கள். விட்டம் ஒன்றரை மடங்குதானே என்று எண்ணிவிடாதீர்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 36-க்கு 81, அதாவது இரண்டேகால் மடங்கு. அத்தனை பரப்புக்கும் கரி பரப்பி, மேலே ஆறு அங்குல அடியுள்ள பாத்திரத்தை வைத்தால், பாதிக்கு மேற்பட்ட தணல் பாத்திரத்தைப் பாராமல் கூரையைப் பார்த்து எரியும். ஆகவே நினைவிற் கொள்ள வேண்டிய முதல் விதி: நீங்கள் அன்றாடம் ஏற்றும் பாத்திரத்தின் அடி, அடுப்பு வாயைவிடச் சற்று அகன்றிருக்க வேண்டும். ஆயினும் மிக அகன்று, குமிழ்களுக்கு வெளியே பெரிதும் நீண்டு நிற்கவும் கூடாது. துடுப்பால் கிளறும்போது கவிழ்ந்துவிடும்.

இனி மண்சுவர். சுட்டமண் ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 0.2 கிலோ கலோரி வேண்டும். 12 கிலோ எடையுள்ள பெரிய அடுப்பின் சுவர் சராசரியாக 200 பாகை சூடேறுவதாக வைத்துக்கொண்டால், அது குடிக்கும் வெப்பம் 480 கிலோ கலோரி. ஏறக்குறைய ஏழு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கக்கூடிய வெப்பம் அது! 4 கிலோ எடையுள்ள சிறிய குமுட்டி குடிப்பது 160 கிலோ கலோரியே. இரண்டு குவளைக் காப்பிக்காகப் பெரிய அடுப்பை மூட்டும் வீட்டில், உபசாரம் அடுப்புக்கு நடக்கிறது. மனிதர்களுக்கு அதன் மிச்சமே கிடைக்கிறது.

அப்படியாயின் தடித்த மண்சுவர் தீமையா? அன்று. நெடுநேரம் வேகவேண்டியவற்றுக்கு அதுவே நன்மை. குடித்த வெப்பத்தைச் சுவர் மெல்ல மெல்லத் திருப்பித் தரும். வெளியே செல்லும் வெப்பத்தையும் தடுக்கும். பழைய வாளிக்குள் களிமண் பூசி அடுப்பாக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. கென்யா நாட்டில் 1980-களில், தகர உறைக்குள் சுட்டமண் கிண்ணம் பதித்த 'ஜிக்கோ' என்னும் கரியடுப்பைப் பரப்பினார்கள். முழுதும் தகரத்தால் ஆன பழைய அடுப்பைவிட அது கரியை மிகவும் மிச்சப்படுத்தியது. விரைவில் முடியும் சமையலுக்கு எடை குறைந்த அடுப்பு. நீண்ட சமையலுக்குத் தடித்த சுவருள்ள அடுப்பு. இது இரண்டாம் விதி.

மூடியுள்ள முட்டை வடிவ அடுப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதன் மூலம் ஜப்பான். 'கமாடோ' என்றால் அந்நாட்டு மொழியில் அடுப்பு என்பதே பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1974-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் தொடங்கிய வணிகம் இதனை அங்கே பெரிதும் பரப்பியது. கீழே ஒரு காற்றுவாய், மேலே ஒரு காற்றுவாய். இரண்டையும் திறந்தும் மூடியும் தீயை ஆளலாம். சுடும் தட்டின் விட்டத்தைக் கொண்டே இதன் அளவைக் கூறுவர். 10 அங்குலம் முதல் 29 அங்குலம் வரை உண்டு. 13 அங்குலத்துக்கும் 18 அங்குலத்துக்கும் வேற்றுமை ஐந்து அங்குலமே எனினும், பரப்பு ஏறக்குறைய இரு மடங்கு. எடையையும் மறந்துவிடாதீர்கள். 18 அங்குலத் தட்டுடையது எழுபது கிலோவுக்கும் மேல் இருக்கும். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில், இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கவேண்டிய படிக்கட்டுகளில், அதனை மாடிக்கு ஏற்றுவது எளிதன்று.

எந்த விட்டம் போதும் என்பதைக் கடைக்குப் போகாமலே அறிய ஒரு வழி உண்டு. கோலமாவால் தரையில் 13 அங்குலத்துக்கு ஒரு வட்டமும் 18 அங்குலத்துக்கு ஒரு வட்டமும் வரையுங்கள். உங்கள் வீட்டார் ஒரு வேளைக்கு உண்ணும் கத்தரிக்காய், சோளக்கதிர் முதலியவற்றை, ஒன்றோடொன்று ஒட்டாமல், சிறிய வட்டத்துக்குள் பரப்பிப் பாருங்கள். அடங்கினால் அதுவே உங்கள் அளவு. சற்று மிஞ்சினால், இரண்டு முறையாகச் சுடலாமா என்று வீட்டாரைக் கேளுங்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்குச் சிறிய வட்டம் பெரும்பாலும் போதும் என்பதைக் காண்பீர்கள். விழாவுக்குப் பெரிய அடுப்பு வேண்டுமாயின், அண்டாவும் குண்டாவும் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கவே இருக்கின்றன.

கரி எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுப்பது அதிகம். பழைய முறை மூட்டத்தில் ஒரு கிலோ கரிக்கு ஐந்து முதல் ஏழு கிலோ விறகு வேண்டும். பொருந்தாத அடுப்பால் நாளொன்றுக்கு 100 கிராம் கரி வீணானால், ஓராண்டில் முப்பத்தாறரை கிலோ. விறகுக் கணக்கில் ஏறத்தாழ இருநூறு கிலோ. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றனர் நம் முன்னோர். காவிரிக் கரையில் வாழ்வோர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியவை பொருட்செலவு பற்றியவை. இனிக் கூறப்போவது உயிர் பற்றியது, கவனமாகக் கேளுங்கள்.

அடுப்புக்கு அளவு பார்ப்பவர்கள், அது எரியும் இடத்துக்கு அளவு பார்ப்பதில்லை. ஒரு கிலோ கரி முழுமையாக எரிய ஏறத்தாழ பத்துக் கன மீட்டர் காற்று வேண்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் இருப்பது சுமார் 28 கன மீட்டர் காற்று. கதவும் சாளரமும் அடைத்த அறையில் பெரிய அடுப்பை மூட்டினால் என்ன ஆகும்? உயிர்வளி குறையக் குறைய, கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பெருகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்ளும். விறகுப் புகை கண்ணைக் கரித்து எச்சரிக்கும். தணலோ புகையின்றி அழகாகச் சிவந்திருக்கும். அந்த அழகை நம்பி, மலைவாழிடங்களில் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவடைத்து உறங்கியவர்கள் காலையில் எழாத செய்திகள் நாளேடுகளில் வந்திருக்கின்றன. தலைவலியும் மயக்கமும் தோன்றுவது அதன் அறிகுறி. அப்போது உடனே வெளியேறித் திறந்த வெளிக்கு வர வேண்டும். பிறரையும் வெளியே கொண்டுவந்து மருத்துவ உதவி நாட வேண்டும்.

பழைய திருவரங்கத்து வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் முற்றம் இல்லை. ஆகவே மூன்றாம் விதியை நான் தளர்த்தமாட்டேன்: கரியடுப்பு எந்த அளவினதாயினும் மூடிய அறைக்குள் மூட்டலாகாது. சிறிய அடுப்பானால் உள்ளே வைக்கலாம் என்பதும் தவறு. திறந்த முற்றமோ, மொட்டைமாடியோ, தோட்டமோ இல்லையெனில், உங்களுக்கேற்ற கரியடுப்பின் அளவு சுழியம்.

நம் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் 1965-ஆம் ஆண்டு முதல் பெருங் கொதிகலன்களைச் செய்துவருகிறது. மலைபோன்ற அந்த அடுப்புகளை வரையும் பொறியாளரும், மணிக்கு எத்தனை டன் நீராவி வேண்டும் என்பதையே முதலில் கேட்கின்றார். தேவையை அளந்த பிறகே தீயை அளக்கின்றார். உங்களுள் சிலர் நாளை அங்கே பணிபுரியலாம். அதற்கு முன்பயிற்சியாக ஒரு வேலை தருகிறேன். விடுமுறை நாளில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, திறந்த வெளியில், இருவேறு அளவுள்ள கரியடுப்புகளில் ஒரே பாத்திரத்தில் ஒவ்வொரு லிட்டர் நீரைக் கொதிக்க வையுங்கள். தொடங்குமுன் கரியை நிறுத்துக்கொள்ளுங்கள். நீர் கொதித்ததும் காற்றுவாயையும் மேல்வாயையும் மூடித் தணலை அணைத்து, முற்றும் ஆறியபின் எஞ்சியதை நிறுங்கள். எந்த அடுப்பு எத்தனை கிராம் தின்றது என்று ஏட்டில் எழுதுங்கள். என் கணக்கு உங்கள் வீட்டுத் தராசோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் தராசை நம்புங்கள்; ஏன் ஒத்துவரவில்லை என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.